மூணாவது கோட்டிங்

நான் படித்தது மூணாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் வாத்தியார் வரவில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உடன்குடித் தேரிக்காட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தேன். கரையில் ஏற்றிய தோணிகளின் அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டும் கூலியாக ஆரம்பித்தேன். பிறகு பீச் ரோட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பெயிண்ட் கடை. பிறகு அதே இடத்தில் மச்சுக் கட்டடம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் (படிப்பு ஏறவில்லை, சுவராவது ஏறட்டும் என்று). ரெண்டு லாரி. பாளையங்கோட்டையில் படித்து முடித்த பெண்மக்கள். புதுத் துறைமுகம் கட்டின காலத்தில் அங்கே போன பெயிண்டில் பாதி என் கடை வழியாகப் போனதுதான். (முக்கால்வாசி என்றும் சொல்லுவார்கள். நான் அடக்கமாகச் சொல்கிறேன்.)

இவ்வளவும் கட்டினவனைப் பற்றி எங்கள் குடும்ப விசேஷங்களில் என்ன பேசுகிறார்கள் என்றால், நகம். என் கொழுந்தியாள் தங்கபுஷ்பத்தின் நகத்துக்கு நான் தோணி பெயிண்ட் அடிக்க வைத்த கதை. அதையும் அரைகுறையாகச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். முழுசாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் மாமனாருக்கு ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் உண்டு. வெற்றிலையை அடுக்கி, வாழைச் சருகில் பொதிந்து, நாரால் கட்டுவது வீட்டுப் பெண்பிள்ளைகளின் வேலை. என் மனைவி பாக்கியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தங்கை தங்கபுஷ்பத்துக்கு மட்டும் வாழைக்கறை நகத்தில் இறங்கி, பத்து நகமும் காப்பிக்கொட்டை நிறமாகிவிட்டது.

அதனால் ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெண் பார்க்க வந்த வீட்டு அம்மா ஒருத்தி அவள் கையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நகத்துல என்னமும் சீக்காம்மா?” என்று கேட்டாளாம். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அதற்குப் பிறகு தங்கபுஷ்பம் எலுமிச்சை தேய்த்தாள், புளி தேய்த்தாள். மருதாணி வைத்துப் பார்த்தாள், அது கறையோடு சேர்ந்து கரியாகிப்போனது. கடைசியில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். அவள் சாப்பிட்டாளா என்று என் மாமியார் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நிலையில் அடுத்த சம்பந்தம் வந்தது. தூத்துக்குடியில் தோணி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரின் மகன். அண்ணாச்சி என் கடை வாடிக்கை. மே மாதம் என் மாமனார் வீட்டில் எல்லாரும் திருச்செந்தூரில் சத்திரம் பிடித்துத் தங்கி, காலையும் மாலையும் கடலில் குளிப்பது வழக்கம். நாங்களும் சாமி கும்பிட வருகிறோம், அங்கேயே பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போன நாலாம் நாள் அவர்கள் வரவு.

பாக்கியம் என்னிடம் சொன்னாள்: “நகப்பாலிஷ் போட்டா கறை தெரியாது. கடல்ல முங்கினாலும் உரியாததா பாத்து வாங்கிட்டு வாங்க.”

ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். கடைக்காரர் குட்டிக் குட்டிப் பாட்டிலாக எடுத்து வைத்தார்.

“இது உப்புத் தண்ணிக்கு நிக்குமா?” என்று கேட்டேன்.

“கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போக வாங்குதாவ அண்ணாச்சி. கடல்ல முக்கிப் பாத்து யாரும் இதுவரைக்கும் வாங்கலை.”

நான் முக்கிப் பார்த்துத்தான் வாங்குகிற ஜாதி. மூன்று பாட்டில் வாங்கி வந்து, சங்கு யாவாரியிடம் உடைந்த சங்குத் துண்டுகள் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பூசினேன். இன்னொரு துண்டில் தோணியின் மேல்பலகைக்கு அடிக்கிற சிவப்பு எனாமலைப் பூசினேன். எல்லாவற்றையும் ஒரு தொட்டிக் கடல் தண்ணீரில் போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால், ஃபேன்சி ஸ்டோர் சரக்கு வெங்காயத் தோல் மாதிரிக் கழன்று மிதக்கிறது. என் எனாமல் அப்படியே இருக்கிறது.

“ஏளா, கொழும்புக்குப் போய்ட்டு வார தோணியில உரியாத பெயிண்டு, பத்து விரல்ல உரியுமா?” என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

“அது மரம். இது புள்ள.”

“மரத்தை விட நகம் கெட்டி.”

பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க மூணாப்பு வரைக்கும் படிச்சவியல்லா, உங்களுக்குத் தெரியும்” என்றாள். (அன்றைக்கு இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.)

கொழுந்தியாள் கையை நான் பிடிக்க முடியாது. பாக்கியம் பூசினாள், நான் கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுத்தேன். மெல்லிசா இழு. ஓரத்துல தேங்க விடாதே. ஒரு நாள் காயவிட்டு ரெண்டாவது கோட்டிங். தங்கபுஷ்பம் இரண்டு கையையும் தலையணை மேல் விரித்து வைத்துத் தூங்கினாள்.

திருச்செந்தூரில் கடல், மணல், நாழிக்கிணறு என்று எல்லாத் தண்ணீரும் பட்டது. ஒரு கீறல் விழவில்லை. அந்தப் பிள்ளை முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். இலை போட்டு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, மோர் ஊற்ற வந்தவளை மறித்து, “அவளுக்கு ஊத்து முதல்ல” என்றார். அந்த நாட்களைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

நாலாம் நாள் சாயங்காலம்தான் அவர்கள் வருவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தேன். நகத்தில் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. தோணியைக் கடலில் இறக்குவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கோட்டிங் அடிப்பது தொழில் முறை. அடிக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் மேலே தொட்டுப் பார்க்கிற அளவுக்குக் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு.

அவர்கள் தரிசனம் சீக்கிரம் முடிந்து, மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

தங்கபுஷ்பம் காப்பித் தட்டோடு வந்தாள். தம்ளர் எல்லாவற்றிலும் சிவப்பு ரேகை. மாப்பிள்ளைப் பையன் வாங்கிக் குடித்துவிட்டுக் கீழே வைக்கப் பார்த்தான், தம்ளர் அவன் உள்ளங்கையோடு வந்தது. அவன் அம்மா காலில் தங்கபுஷ்பம் விழுந்து கும்பிட்டாள் பாருங்கள், அப்போது அந்த அம்மாவின் சந்தன நிறப் பட்டில், கரையிலிருந்து முழங்கால் வரைக்கும் ஐந்து கோடு.

தோணி அண்ணாச்சி காற்றை மோந்து பார்த்தார்.

“வேய், இது உம்ம கடை பெயிண்டுல்லா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எந்த பெயிண்டு?”

“உங்க தோணிக்கு வாங்குவீயளே, அதுதான்.”

“ஒரு நாள் முழுசா காயணும்னு சொல்லில்லா எனக்கு யாவாரம் பண்ணுனீரு?”

“ஒரு நாள் காயணும் அண்ணாச்சி.”

அவர் தன் சம்சாரத்தின் சேலையைப் பார்த்தார். என் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு சம்பந்தம் போனால் அந்தப் பிள்ளை மறுபடி கையை வெளியே எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

தங்கபுஷ்பம்தான் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நகத்துல வாழைக்கறை இருக்கு. அதை மறைக்கத்தான் பூசினோம். அத்தானை ஒண்ணும் சொல்லாதீய. நாந்தான் கேட்டேன்.”

அந்த அம்மா தன் சேலையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “மண்ணெண்ணெய் இருக்கா?” என்று கேட்டார். பாக்கியம் ஓடிப்போய் ஸ்டவ்வில் ஊற்றுகிற டின்னைக் கொண்டுவந்தாள். “பழைய துணி குடு. நீங்கள்லாம் வெளிய போங்க” என்று அந்த அம்மா சொல்ல, அண்ணாச்சி முதல் ஆளாக எழுந்தார்.

பெண்ணும் அந்த அம்மாவும் மட்டும் உள்ளே. நாங்கள் கடலைப் பார்க்க மணலில் உட்கார்ந்தோம். பையன் உள்ளங்கையை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமனார் என் பக்கம் திரும்பி, “உங்களை நம்பித்தானே மாப்ளே” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேல் கோட்டிங் லேசில் வந்திருக்கும். அடியில் உள்ள இரண்டும் என் தரம், கடலுக்கே அசையாதது மண்ணெண்ணெய்க்கு அசையுமா?

முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது. பிறகு தங்கபுஷ்பத்தின் குரல், அதுவும் நிறுத்தாமல். கடைசியில் ரெண்டு பேரும் சிரித்தார்கள். (என்னைப் பற்றித்தான். சந்தேகமே இல்லை.)

வெயில் சாய்கிற நேரத்தில் வெளியே வந்தார்கள். அந்தப் பிள்ளையின் நகம் தேய்ந்து, கறை பளிச்சென்று தெரிந்தது, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அந்த அம்மா புருஷனைப் பார்த்து, “பூ வச்சிட்டே போயிருவோம்” என்றார். என்னைப் பார்த்து, “நல்ல பெயிண்டுதான். போவமாட்டேங்கு” என்றார்.

சத்திரம் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அதிலேயே பூ வைத்தார்கள்.

அன்றைக்கு உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை ரெண்டு பேரும் சொல்லவில்லை. அந்த அம்மா சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கபுஷ்பத்தைக் கேட்டால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்துவிடுவாள். அவள் பிள்ளைகளோ, நான் எந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தாலும், “பெரியப்பா வாராவ, பொண்ணு கையை மூடிக்கிடச் சொல்லுங்க” என்கிறார்கள். ஊரே சிரிக்கிறது.

சிரிக்கட்டும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பெண் பார்ப்பதென்றால் என்ன? காப்பி கொடுப்பாள், கும்பிடுவாள், உள்ளே போய்விடுவாள். அவள் எப்படிப்பட்டவள் என்று மாமியாராகப் போகிறவளுக்கு எங்கே தெரியப்போகிறது? ஃபேன்சி ஸ்டோர் பாலிஷாக இருந்தால் முதல் நாளே உரிந்திருக்கும். கறையைப் பார்த்திருப்பார்கள், கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போயிருப்பார்கள். அந்த இரண்டு பெண்களையும் ஒரு மத்தியானம் முழுக்க ஒரே பாயில், ஒருத்தி கையை மற்றவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வைத்தது எது? சம்பந்தம் பேசின தரகருக்குக் கல்யாணத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு மண்ணெண்ணெய் டின்னைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள்.

வருகிற தை மாதம் தங்கபுஷ்பத்தின் பேத்திக்குக் கல்யாணம். மேடையில் மைக்கைப் பிடித்துக் குடும்பப் பெருமை பேசப்போகிறவர்களுக்கு நான் இப்போதே சொல்லிவைக்கிறேன். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது தரகர், அவர் பெயரைச் சொல்லுங்கள். அடுத்தபடியாக என் பெயரைச் சொல்லுங்கள். மூணாவது கோட்டிங் அடிக்கச் சொன்னது நான். அது அன்றைக்குக் காய்ந்திருந்தால் அந்த மேடையில் நிற்க உங்களில் ஒருவர்கூட இருக்கமாட்டீர்கள்.