அலைச்சாமியின் கொம்பு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அந்த ஊரில் கடவுள்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் இன்டர்நெட்டுக்குத்தான். அந்தக் குறையைத் தீர்க்க வந்து இறங்கியவர் பஞ்சநதம். நெற்றியில் குங்குமம், கழுத்தில் பச்சைத் துண்டு, கையில் பித்தளைக் கொம்பு. ஊர் அவருக்கு வைத்த பெயர் அலைச்சாமி.

"கோடியக்கரை உப்புக்காத்துல ஒரு மோகினி ஏறி வர்றா. ஒயருக்குள்ள போற அலையை உறிஞ்சிக் குடிச்சுடுறா" என்றார் சாமி. முஸ்லிம் வீடுகளில் மோகினிக்குப் பதில் ஜின். சம்மதமில்லாத மதமே அவருக்குக் கிடையாது. முன்பணம் மட்டும் எல்லா மதத்துக்கும் ஒன்று.

வெள்ளிக்கிழமையானால் ஊராட்சி அலுவலக வாசலில் திருவிழாக் கூட்டம். நடவை நட்டது நட்டபடி விட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு வந்தார்கள். பொறியியல் படித்தவர்கள்கூட மோடத்தைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றார்கள். ஒருவர் அதற்குப் பூவே சுற்றியிருந்தார். முன்பணம் வாங்கிக்கொண்ட சாமி பிறகு அவரவர் வீட்டுக்கு வந்து கொம்பு ஊதினால் செத்த மோடத்தில் பச்சை விளக்கு எரியும். கண்ணால் கண்டவர்கள் நூறு பேர். ஏன் எரிகிறது என்று கேட்டவர் ஒருவருமில்லை.

சஃபியாவுக்குக் கூட்டத்தைப் பார்க்க நேரமில்லை. ஷார்ஜாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள் வீட்டிலிருந்தே கணக்குப் பாடம் நடத்துகிறாள். அந்த மாதம் பாதிப் பாடத்தில் லைன் அறுந்துகொண்டே இருந்தது. இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஒருமுறை அறுந்தால் மிச்சப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். ஊருக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் மருதையனுக்குப் போன் போட்டால், "மேல கம்பெனிலேர்ந்தே வரலைங்க. எதுக்கும் சாமியப் பாருங்களேன்" என்றான்.

லைன் கொடுப்பவனே சாமியைக் காட்டியது அவளுக்கு உறுத்தியது.

பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் மகன் யுவன் சிங்கப்பூரில் இருக்கிறான். "சாமியக் கூப்பிடு புள்ள. போன மாசம் எங்க வீட்டுல ஊதினாரு, கண்ணாடி மாதிரி தெரிஞ்சான் எம்புள்ள. இப்பதான் மறுபடி போயிடுச்சு. திரும்ப ஊதணுமாம்."

"ஊதுறதுக்கு முன்னாடி என்னக்கா கேட்டாரு?"

"பேரு, நட்சத்திரம், அப்புறம் அந்த கஸ்டமர் நம்பரு."

சஃபியா சிரித்துவிட்டாள். "அல்லாவுக்கும் ஆண்டவனுக்கும் கஸ்டமர் நம்பர் எதுக்குக்கா?"

"சாமி காரியத்துல கேள்வி கேக்காத!"

"சரி, கேக்கல. உங்க நம்பரை மட்டும் சொல்லுங்க. நாளைக்குச் சாமி எங்க வீட்டுல ஊதும்போது நீங்க உங்க மோடத்துகிட்டயே உக்காந்திருங்க."

அன்றே சஃபியா சாமியிடம் முன்பணம் கட்டி, கேட்ட விவரமெல்லாம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் அவள் வீட்டுக் கூடம் நிறைந்து, வாசல் நிறைந்து, எதிர்வீட்டு மதிலிலும் ஆட்கள் தொற்றியிருந்தார்கள். சாமி சாம்பிராணி போட்டார். மோடத்தைச் சுற்றி எலுமிச்சம்பழம் உருட்டினார். தோளில் தொங்கிய துணிப்பையைச் சரிசெய்துகொண்டு, கன்னம் உப்பக் கொம்பை ஊதினார்.

எல்லாரும் மோடத்தையே பார்த்தார்கள். சிவப்பு விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூவல் வந்தது. "ஏ சஃபியா! எனக்கு வந்துடுச்சுடி! யுவன் பேசுறான்!"

கூட்டம் விழித்தது. சாமி ஒரு கணம் தடுமாறிப்போனார். தேர்ந்த தொழில்காரர் அல்லவா, உடனே சமாளித்தார். "காத்து பலமா இருக்கு. அருள் கொஞ்சம் தள்ளி விழுந்துடுச்சு."

"தள்ளி விழலைங்க சாமி" என்றாள் சஃபியா. "நேத்து உங்ககிட்ட என் நம்பர்னு சொன்னது கண்ணாத்தா அக்கா நம்பர். அருள் நம்பர் பார்த்துக் கரெக்டா போயிருக்கு."

சாமி கொம்பைத் தூக்கினார். மறுபடி ஊதினார், மூச்சு முட்ட ஊதினார். அப்போது துணிப்பைக்குள் கொசு ரீங்காரம் போல ஏதோ கேட்டது. சஃபியா பைக்குள் கைவிட்டு, பேச்சு ஓடிக்கொண்டிருந்த போனை எடுத்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அண்ணே, ஆன் பண்ணி எவ்வளவு நேரமாச்சு! சும்மா சும்மா ஊதாதீங்கண்ணே, காது போவுது!"

மருதையன் குரல். ஊருக்கே தெரிந்த குரல்.

மதிலில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. வீடு வீடாக லைனை அணைப்பவன் மருதையன். போனில் கொம்புச் சத்தம் கேட்டதும் போடுபவனும் அவனே. மோகினியின் முழுப்பெயர் மருதையன் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. சாமியை நடுவில் விட்டுக்கொண்டு கூட்டம் அவன் ஆபீசுக்கு நடந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இருவரும் நாற்காலியில் உட்கார முடிந்தது. அன்று மாலை ஊர் முழுக்கப் பச்சை விளக்கு. ஷார்ஜாப் பிள்ளைகளுக்குப் பின்னப் பெருக்கல் ஒருமுறைகூட அறுபடாமல் நடந்து முடிந்தது.

பாடம் முடித்து எழுந்தவளிடம் கண்ணாத்தாள் கவலையோடு கேட்டாள். "சாமியும் இல்லைன்னு ஆயிடுச்சு. இனிமே நெட்டு போனா யாருகிட்ட புள்ள போறது?"

"யாருகிட்டயும் போறதுக்கு முன்னாடி 'ஏன் போச்சு'ன்னு கேளுங்கக்கா. அதுக்கு ஒயரும் வேணாம், டவரும் வேணாம். தலை இருந்தாப் போதும்."