குஞ்சம் வைத்த மகாராஜா

ஒரு காட்டில், அங்கேயும் வாட்ஸ்அப் வந்து சேர்ந்த பிறகு, பங்கஜம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். எதையாவது ஏற்பாடு செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்த வருஷம் ராஜா காலத்து வேஷ விருந்து. ஒரே நிபந்தனை, வேஷம் கண்கொண்டு பார்க்கச் சகிக்கக் கூடாது. தெர்மாகோல் கிரீடம், ஜிகினாச் சால்வை, அட்டைக் கத்தி என்று வர வேண்டும். இருப்பதிலேயே மட்டமான வேஷத்துக்குக் கோப்பை.

அந்தக் காட்டில் இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள். ஒன்றில் சிங்கராஜா இருப்பார். அதில் எல்லோரும் காலை வணக்கம் மட்டும் சொல்வார்கள். இன்னொன்றில் அவர் கிடையாது, பேச்செல்லாம் அங்கேதான். பங்கஜம் நிபந்தனையை அங்கே போட்டாள். ராஜா இருக்கும் குழுவில் மட்டம், கிட்டம் என்றெல்லாம் எழுதக் கூசி, 'ராஜா காலத்து உடையில் விருந்து' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவர்தான் எந்த விருந்துக்கும் வருவதில்லையே என்ற தைரியம்.

வந்துவிட்டார். கொள்ளுத்தாத்தாவின் முடிசூட்டு உடையில் வந்தார். அசல் தங்கக் கிரீடம், ஏழு வரிசை முத்துமாலை, கிளிப்பச்சை வெல்வெட் அங்கி, அதன் ஓரமெல்லாம் குஞ்சம்.

போன வருஷம் ராஜாவின் பிடரியைப் பார்த்துச் சிரித்த கீரி இன்னும் வீடு திரும்பவில்லை. பயத்தில் பங்கஜத்தின் முள்ளெல்லாம் எழுந்து, ஆசையாய் ஒட்டிய ஜிகினாவைக் கிழித்தது.

நடுவர் நாரை அன்று காலைதான் வெளிநாட்டிலிருந்து வலசை வந்தவர். பாரபட்சம் வேண்டாமென்று அவரைப் பிடித்துப் போட்டதும் பங்கஜத்தின் மூளைதான். சிங்கம் என்றால் ராஜா என்ற வழக்கமெல்லாம் அவர் ஊரில் இல்லை. ராஜாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுல போட்டியே இல்லைங்க. அந்தக் குஞ்சம் ஒண்ணு போதும்" என்று கோப்பையை நீட்டினார்.

கரடி வாயிலிருந்த பாயசத்தை விழுங்க மறந்தது. கோப்பையில் 'மிக மட்டமான வேஷம்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததை ராஜா இரண்டு தடவை படித்தார்.

"பங்கஜம், நான் யாருன்னு இவருக்குத் தெரியுமா?"

பொய் சொல்லத்தான் பார்த்தாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "தெரியாதுங்க மகாராஜா. தெரியாமதான் குடுத்துட்டார்."

ராஜாவின் கண் கலங்கியது. முயலும் மானும் வேண்டுமென்றே நொண்டிய ஓட்டப்பந்தயங்களில் அவர் வாங்கிய கோப்பைகள் ஒரு குகை நிறைய இருக்கின்றன.

"என் ஆயுசுல நானா ஜெயிச்சது இது ஒண்ணுதான் பங்கஜம்" என்று சொல்லி, முள் குத்துவதையும் பொருட்படுத்தாமல் அவளைக் கட்டிக்கொண்டார்.

மறுநாளே எல்லோருக்கும் அந்த அங்கிதான் அரசவை உடை என்று உத்தரவு வந்தது. காடே குஞ்சம் தடுக்கி விழுந்து எழுந்து நடக்கிறது. ராஜா இல்லாத குழுவில் பங்கஜத்தை எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். தலை தப்பிய சந்தோஷத்தில் அவள் எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீதி: ராஜாவை மட்டம் என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், கூடவே ஒரு கோப்பையும் கொடுத்துவிடவும்.