நூற்றிருபது கிலோ கிளாம்ப்

டமார் என்று ஒரு சத்தம்.

ஸ்டுடியோக்காரர் கையிலிருந்த காபியோடு உள்ளே ஓடினார். கூரையை ஒட்டிப் போகும் இரும்புக் குழாயில் அதுவரை தொங்கிய சாஃப்ட்பாக்ஸ், அதாவது விளக்கின் கூச்சத்தைத் தணிக்கும் பெரிய துணிக்கூடு, தரையில் குப்புறக் கிடந்தது. அதைப் பிடித்திருந்த கிளாம்ப் இரண்டாக உடைந்திருந்தது.

நாலு மணிக்கு இரட்டைக் குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டும். இந்தக் கூடு அவர்கள் தலைக்கு நேர் மேலே தொங்கும்.

முக்குக் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே தடியான கிளாம்ப்பை வாங்கி வந்தார். அட்டையில் 'மிக உறுதியானது' என்று போட்டிருந்தது. எத்தனை கிலோ என்று மட்டும் போடவில்லை.

"அட்டை என்ன வேணா சொல்லும் மாப்ளே," என்றார் மாமனார். முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "விளக்கும் கூடும் சேர்ந்து எட்டு கிலோ. மூணு மடங்கைப் பத்து நிமிஷம் தொங்கவிட்டுப் பார்க்காம, ஒரு புள்ளை தலைக்கு மேல எதையும் மாட்டக்கூடாது."

ஸ்டுடியோக்காரருக்குப் புல்லரித்தது. இப்பேர்ப்பட்ட மூளையை வீட்டில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் கேரம் ஆட மட்டும் கூப்பிட்டிருக்கிறோமே.

இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அரை நிமிஷத்தில் கேனின் கைப்பிடி பிய்ந்தது. ஸ்டுடியோ குளமானது.

"கிளாம்ப் அசைஞ்சுதா பார்த்தீங்களா?" என்றார் மாமனார், முழங்கால்வரை நனைந்த பெருமையுடன். "ஆனா பத்து நிமிஷம் ஆகலையே."

"போதும்பா, உங்க தண்ணி வித்தை. நான் இரும்பாவே கொண்டு வரேன்," என்று மனைவி பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா சாப்பிடப் போயிருந்தார். நாலு வருஷப் பழக்கம், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே நடையில் திரும்பி வந்தார். கைக்கு மூன்றாக ஆறு எடைக் குண்டுகள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் '20'. தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

"ஏம்மா, நூத்திருபது கிலோவா?" என்றார் மாமனார்.

"அக்காகூடப் பேசிட்டிருக்கேன்ல?"

நேற்று டீவி ரிமோட்டுக்காக இவரோடு மல்லுக்கு நின்றது ஸ்டுடியோக்காரருக்கு ஞாபகம் வந்தது. தான் முழுசாக இருப்பது மனைவியின் பெருந்தன்மை என்று பட்டது.

மாமனார் ஒரு குண்டை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். "கிரேன் ஓட்டின கை மாப்ளே. இன்னும் துரு ஏறல."

ஸ்டுடியோக்காரரும் ஒன்றைத் தூக்கினார். வந்துவிட்டது. ஒரு மாதக் காலை நடை வீண்போகவில்லை. சுவர்க் கண்ணாடியில் தன் புஜத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஆறும் தொங்கின. பத்து நிமிஷம் ஆகியும் கிளாம்ப் மயிரிழைகூட அசையவில்லை.

"செஞ்சவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்," என்றார் மாமனார், குண்டுகளை இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்தபடி.

நாலு மணிக்குக் குழந்தைகளின் அம்மா வந்தார். வந்ததும் அண்ணாந்து பார்த்தார். "மேல மாட்டறது விழாதே?"

"மேடம், நூத்திருபது கிலோ தொங்கவிட்டுச் சோதிச்சது."

அந்த அம்மாவின் கண்கள் அகன்றன. "மூணு ஸ்டுடியோ ஏறி இறங்கிட்டேன், ஒருத்தரும் இப்படிப் பார்க்கல. அப்போ விளக்கை ஓரமா வெச்சுக்குங்க சார். அந்தக் கிளாம்ப்ல ஒரு ஊஞ்சல் கட்டுங்க. ரெண்டு பேரையும் அதுல உட்கார வெச்சே எடுத்துடலாம்."

ஸ்டுடியோக்காரர் மாமனாரைப் பார்த்தார்.

"ரெண்டும் சேர்ந்து இருபது கிலோ வருமா? தாராளமா கட்டுங்க."

ஊஞ்சல் கட்டியாயிற்று. அம்மா முதல் குழந்தையைத் தூக்கினார். அப்போது மூச்சு வாங்க உள்ளே வந்தார் விளையாட்டுச் சாமான் கடைக்கார அம்மா. சுவரோரம் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாடா, இங்கதான் இருக்கா? கடை வாசல்ல அழகுக்கு வெச்சிருந்ததைக் காணோமேன்னு தெருவெல்லாம் தேடிட்டேன். அழுத்திப் பிடிச்சுடாதீங்கண்ணே, நசுங்கிடும். உள்ளே வெறும் காத்துதான்."