மேற்கு வழியாக வேளாங்கண்ணி

“தென்னம்பிள்ளையா? சைக்கிள்லயா? யம்மா, அத எங்க வெச்சுக் கட்டுறது?”

“பின்னாடி கம்பி இருக்குல்ல, அதுல கட்டு. மூட்டை வைக்கத்தான் அந்தக் கம்பின்னு நீதான சொன்ன?”

அம்மா கத்தரீனாள் சொன்னதில் தப்பில்லை. கூடாரமும் ஸ்டவ்வும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கென்றே சிலுவைராஜ் அந்தக் கேரியரைத் தேடித் தேடி வாங்கியிருந்தான். இப்போது அதன் மேல் ஒன்றரை முழத் தென்னங்கன்று, ஆள் உயர மெழுகுவர்த்தி இரண்டு, வெள்ளியில் செய்த கண், கால், ஒரு சின்னத் தொட்டில், பதினேழு விண்ணப்பச் சீட்டு. போடப்போகிற காவி வேட்டியும் சட்டையும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

எல்லாம் ஒரே ஒரு பொய்யால் வந்தது.

குமுளியில் சைக்கிள் டூர் நடத்துகிற ஜிஸ்மி ஒரு கைடு தேடிக்கொண்டிருந்தாள். பரீட்சை ஒன்றுதான். குமுளியில் கிளம்பி, காட்டையும் மலையையும் இறங்கி, ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குள் ஆலப்புழை கடற்கரையில் நிற்க வேண்டும். வந்த வழி முழுக்க போனில் பதிவாகியிருக்க வேண்டும். பிந்தினால் வேலை கோட்டயத்துப் பையன் ஒருவனுக்கு. தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து நிறுத்துக் கொண்டிருந்த சிலுவைராஜுக்கு அந்த வேலை கிடைத்தால் அப்புறம் வாழ்க்கையில் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் முதலில் முயன்றான்.

“வெளிநாட்டுக்காரங்கல்லாம் வருவாங்கம்மா. அவங்களுக்கு வழி காட்டிச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போகணும்.”

“காரு வாங்க வசதியுள்ளவன் எதுக்குடா சைக்கிள் மிதிக்கான்? உனக்குப் பிடிச்ச கிறுக்கு அவனுக்கும் பிடிச்சிருக்கா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஃபாக்டரி ஆபீசர் பூபதிராஜா அதைவிடச் சுருக்கமாக முடித்தார்.

“கொழுந்து குவிஞ்சு கெடக்கு. லீவா? போடா.”

அப்போதுதான் சிலுவைராஜின் வாயிலிருந்து அது தானாக வந்தது. “வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் சார். சைக்கிள்லயே போறதா நேந்திருக்கேன்.”

ஆபீசர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நாலு நாள் லீவு கொடுத்ததோடு நிற்காமல், மனைவியின் கழுத்து வீக்கத்துக்காக ஒரு மெழுகுவர்த்தியும் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் சிலுவைராஜ் வீட்டுக்கு வந்தபோது லயம் முழுக்க, பன்னிரண்டு வீட்டு வரிசைக்கும், சேதி தெரிந்திருந்தது. கத்தரீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகு பொய் என்று சொல்வதற்குப் பதில் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டான்.

வழக்கமாக எஸ்டேட் காணிக்கையைச் சுமந்து போகிறவர், அங்குள்ள சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சூசைமரியான். பதினோரு வருஷமாக, கொடியேற்றத்துக்கு முன்னால், தனி ஆளாக நடந்து போவார். இந்த வருஷம் முட்டி வலி. ஆனால் சேதி கேட்டதும் கம்பை ஊன்றிக்கொண்டு வேகவேகமாக வந்துவிட்டார்.

“முட்டியெல்லாம் சரியாப் போச்சு கத்தரீனா. நானே போய்க்கிடுதேன். புள்ளைக்கு எதுக்கு வீண் அலைச்சல்?”

“வாலிபப் புள்ள போறான். நீங்க பேசாம உக்காருங்க மாமா. அடுத்த வருஷமும் அவனே போவான்.”

கத்தரீனாள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். கோயில்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. என்ன பக்தி என்று சிலுவைராஜுக்கே மனசு உருகிவிட்டது.

பாரத்தையாவது குறைக்கலாம் என்று கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தான். “இம்புட்டையும் கட்டிக்கிட்டுக் கம்பம் மலைப்பாதையில எறங்கினா பிரேக் புடிக்காதும்மா.”

“அதான பாத்தேன். டே ஜிஜோ, ஜீப்ப எடுடா. கம்பம் வரைக்கும் சாமான நாம கொண்டு போவோம்.”

வெள்ளிக்கிழமை காலையில் முன்னால் சைக்கிள், பின்னால் ஜீப். ஜீப்புக்குள் ஒன்பது பேர் மாதா பாட்டுப் பாடினார்கள். ஆலப்புழை மேற்கே இருக்க, சிலுவைராஜ் கிழக்கே தமிழ்நாட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். கம்பத்தில் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஜீப்பாவது திரும்பும் என்று பார்த்தால், அவன் கண்ணுக்கு மறைகிறவரை யாரும் நகர்வதாக இல்லை. தேனி ரோட்டில் ஆறு கிலோமீட்டர் மிதித்தான். ஒரு புளியமரத்தடியில் அரைமணி நேரம் ஒளிந்திருந்தான். பிறகு திரும்பி வந்து, ஏலத்தோட்டத்துக்குக் கூலியாள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்றின் மேல் சைக்கிளைப் போட்டு ஏறிக்கொண்டான்.

உள்ளே இருந்த அக்காமார் காவியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அப்புறம் ஒருத்தி கேட்டாள்.

“ஏந்தம்பி, வேளாங்கண்ணி அங்கிட்டுல்ல இருக்கு?”

“வீட்டுல ஒரு சாமான மறந்துட்டேங்க்கா.”

“வீடு எந்த எஸ்டேட்டு?”

வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

“அட, நாங்க அந்தப் பக்கந்தான் போறோம். வாசல்லயே எறக்கி விடச் சொல்லுறோம், நீ கவலப்படாத.”

குமுளி மார்க்கெட்டில் ஜீப் வேகம் குறைந்ததும் குதித்துவிட்டான். சைக்கிளை இறக்கிக் கொடுத்தவர்கள், மாதாவுக்கு என்று ஒரு கைப்பிடி ஏலக்காயையும் சேர்த்து இறக்கிக் கொடுத்தார்கள். மணி மூன்று. குமுளியில் ஆரம்பிக்க வேண்டிய பரீட்சையை அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஜிஸ்மி கொடுத்த மேப் மேற்கே மெயின் ரோட்டைக் காட்டியது. மெயின் ரோடோ நேராக அவனுடைய எஸ்டேட் வாசல் வழியாகத்தான் போகிறது. காவி வேட்டி, பின்னால் தென்னை ஓலை ஆடுகிற சைக்கிள். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே கத்தரீனாள் கண்டுபிடித்துவிடுவாள்.

ஏலக்காட்டுக்குள் திருப்பினான்.

உள்ளே ஜீப் தடம், அதற்குப் பிறகு மாட்டுத் தடம், அதற்குப் பிறகு தடமே இல்லை. அட்டை கணுக்காலிலிருந்து காதுவரை ஏறியது. ஒரு வளைவில் ஆவி பறக்க யானைச் சாணி கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யானைக்கு இளம் தென்னங்குருத்து என்றால் உயிர். அந்தக் காட்டிலேயே அதைச் சுமந்துகொண்டு திரிகிற ஒரே ஆள் அவன்தான். கன்றை அவிழ்த்து மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, “மாதாவே, இது ஒன்னோடது, நீதான் பாத்துக்கணும்” என்று முணுமுணுத்தபடியே நடந்தான். பொய் வேண்டுதலுக்குக் கிளம்பியவன் முதல் தடவையாக நிஜமாக வேண்டிக்கொண்டான்.

சனிக்கிழமை மலை இறங்கியதும் வேறு தொல்லை. காவியைக் கண்ட வீடெல்லாம் கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றியது. ஒரு ஆட்டோக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அய்யோ, இது வழி தெற்றியல்லோ மோனே. வேளாங்கண்ணி திரிச்சு அங்கோட்டு.”

சொன்னதோடு விட்டாரா? சைக்கிளை ஆட்டோவில் தூக்கிப் போட்டு நாலு கிலோமீட்டர் கிழக்கே கொண்டு விட்டு, கையும் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சிலுவைராஜ் ரோட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. ரப்பர் தோட்டம், வாய்க்கால் வரப்பு, நெல் வயலுக்கு நடுவில் மண் கரை என்றே போனான். காவியைக் கழற்றவும் வழியில்லை, அம்மா எந்த நேரமும் வீடியோவில் வருவாள்.

வந்தாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு.

“எங்கடா இருக்க?”

“தஞ்சாவூர் தாண்டிட்டேம்மா.”

“ஒம் பின்னாடி என்னடா அவ்வளவு தண்ணி?”

பின்னால் காயல் அக்கரை தெரியாமல் விரிந்து கிடந்தது.

“காவேரிம்மா.”

“ஏ ஜின்சி, சின்னத்தாய், எல்லாரும் வாங்கடி. காவேரி ரெண்டு கரையும் தொட்டுப் போகுது பாருங்க.” பத்துத் தலைகள் திரையில் முண்டின. அந்த நேரம் பார்த்து அவனுக்குப் பின்னால் ஒரு ஹவுஸ்போட் ஊதிக்கொண்டு போனது.

“காவேரியில கப்பலா விடுறாங்க?”

“புதுசும்மா. சிக்னல் இல்ல, வைக்கேன்.”

டவுனுக்குள் கோயில் கூட்டம் என்று தெரிந்ததும் கடலோரத்துக்கு இறங்கிவிட்டான். கடல் சுவரை ஒட்டி மணல் தடம், கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், உலர்கிற வலை, சவுக்கு நிழல். சக்கரம் மணலில் புதைந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினான். பழைய கடல்பாலத்தடியில் அவன் போய் விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பதிவையும் அங்கேயே உட்கார்ந்து எடுத்த போட்டோவையும் அனுப்பினான். இரண்டே நிமிஷத்தில் ஜிஸ்மி கூப்பிட்டாள்.

“சிலுவை, இது என்ன வழி? நான் குடுத்த ரோட்டுல நீ பாதி தூரங்கூடப் போகலியே.”

போச்சு என்று நினைத்தான். “அது வந்து மேடம், கொஞ்சம் ஆளுங்களுக்கு மறைஞ்சு...”

“ஏலக்காடு, வரப்பு, காயலோரம், கடலோரம். வண்டிச் சத்தமே இல்லாத வழி. மூணு வருஷமா நாங்க தேடிட்டிருந்தது இதைத்தான்டா. ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கோ, கேட்டியா? ஆனா ஒரு சந்தேகம். போட்டோல மடியில என்ன, தென்னங்கன்னா?”

சிலுவைராஜ் மணலில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான். மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு இப்போதுதான் முழுசாக வெளியே போனது. தலையைத் திருப்பியபோது தென்னங்கன்றின் ஓலை கன்னத்தில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. ஆபீசர் வீட்டு மெழுகுவர்த்தி, சின்னத்தாய் மகளுக்கு வேண்டிய தொட்டில், முகம் தெரியாத அக்காமாரின் ஏலக்காய். இதையெல்லாம் மலை தாண்டிக் கிழக்குக் கடலோரத்துக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது? நாளைக் காலையில் பஸ் பிடித்தால்கூட லீவு முடிவதற்குள் போய்த் திரும்ப முடியாது.

எதிரே கப்பைக் கிழங்கும் மீன் கறியும் விற்கிற கடையிலிருந்து ஒரு அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். காவியைப் பார்த்தாள், கன்றைப் பார்த்தாள், கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

“அந்தக் கன்ன நிழல்ல வை மோனே, வாடிப்போகும். மெழுகுதிரியும் வெள்ளிச் சாமானும் இந்தப் பெட்டியில போடு. செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினத்துக்கு என் தம்பியோட மீன் லாரி போகுது. அவன் வேளாங்கண்ணி கோயில்லயே கொண்டு குடுத்துட்டு ரசீது வாங்கி வருவான். நீ கை கழுவிட்டு வா, அயில மீன் கறி சூடா இருக்கு.”

சிலுவைராஜ் எழுந்து உட்கார்ந்தான். “அம்மா, நான் ஒண்ணுமே சொல்லலியே. ஒங்களுக்கு எப்படி...”

“பதினோரு வருஷமா இதே சாமானெல்லாம் சுமந்து வர்ற சூசைமரியான் சேட்டனோட வேளாங்கண்ணி இந்தக் கடைதானே மோனே, பாவம், இந்த வருஷம் அந்த மனுஷன யாரு வீட்டுல புடிச்சு உக்கார வெச்சது?”