மாப்பிள்ளை பார்த்த மூக்கு

கத்தி என்றால் ஒரு பக்கம் கூர், மறுபக்கம் மொட்டை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் எதைப் பிடிப்பது, எதால் அறுப்பது என்று கைக்குத் தெரியும். சாமான் செய்தால் அப்படிச் செய்ய வேண்டும். இந்தக் கைப்போனைச் செய்தவனோ முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண், விலாவில் ஒரு பொத்தான் என்று வைத்துவிட்டு, எந்தக் கண் எப்போது பார்க்கும் என்பதைச் சொல்லாமல் போய்விட்டான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள், "அம்மைக்குப் போன் தெரியல்ல" என்கிறார்கள். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. போனுக்குத்தான் மனுஷரைத் தெரியவில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். (வாத்தியார் ஒன்றும் அழவில்லை.) அதன் பிறகு படித்ததெல்லாம் மீன் கூடையில். கடற்கரையில் மீன் எடுத்து மேட்டு ஊர்களில் கொண்டுபோய் விற்று, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினேன். முதலில் என்னிடம் இருந்தது பொத்தான் போன். பச்சையை அமுக்கினால் பேசும், சிவப்பை அமுக்கினால் வாயை மூடும். ஒருநாள் சாளை மீனுக்குள் விழுந்து, அலசி எடுத்த பிறகும் பேசியது. அது போன்!

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மகன் சகாயம், அதைத் தூரப் போடச் சொல்லி ஒரு கண்ணாடிப் போனை அனுப்பினான். வீடியோ கால் எங்கள் கடற்கரைக்கு வந்த புதிது. அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. மேற்கே ஒரு கடற்கரை ஊர். பெண் நர்சு, பெயர் ஷைனி. தகப்பனார் சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவர். மறுநாளே வேறு ஒரு கூட்டர் அவளைப் பார்க்க வருகிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார். அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும். மகனுக்கோ லீவு இல்லை.

"நான் பாக்காம சம்மதம் சொல்லமாட்டேன்மா. போன்ல பிள்ளயக் காட்டுங்க" என்றான்.

என் மகள் ரீத்தா போனைப் பிடித்துக் காட்டியிருப்பாள். அவளுக்கு நிறைமாதம், வண்டியில் ஏற முடியாது. அதனால் என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க வந்தாள்.

"எம்மா, முன்னால ஒரு கேமரா, பின்னால ஒரு கேமரா. கால் வந்த பொறவு இந்தப் படத்த அமுக்கி மாத்தணும். கேட்டியளா?"

"ஏட்டி, நான் மீன் வித்து வளத்த பிள்ள நீ. எனக்கு நீ சொல்லித் தாறியா? போட்டோ எடுக்கும்போ பின்னால உள்ள கண்ணுதானே பாக்குது? அதை அவளுக்கு நேரா பிடிச்சாப் போதும்."

"அது போட்டோம்மா. இது வேற."

"கண்ணுன்னா கண்ணுதான். போட்டோவுக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணா?"

(இன்றைக்கும் நான் கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.)

நானும் வீட்டுக்காரரும் போய் இறங்கினோம். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மாமியார் ஆகப்போகிறவள் கிழவி மாதிரித் தெரியக் கூடாது அல்லவா? முன்னறை நிறைய ஆட்கள். முந்திரிக்கொத்து, அச்சப்பம் என்று தட்டு தட்டாக வந்தது. பிறகு தேத்தண்ணீரோடு ஷைனி வந்தாள். நல்ல நிமிர்ந்த நடை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். "எம்மா! சாப்பிட்டியளா?" என்று சகாயம் கத்திய கத்தலில் பெண்ணின் அத்தைக்காரி தட்டைத் தவறவிட்டாள். அவனுக்குப் பின்னால் கூட இருக்கிற பையன்களின் கூச்சல் வேறு. பெண் வீட்டில் மாப்பிள்ளை இப்படியா கத்துவது? விலாப் பொத்தானை அமுக்கி, சத்தம் அடங்குகிற வரைக்கும் குறைத்தேன். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பின்கண் ஷைனிக்கு நேராக வரும்படி போனைத் தூக்கிப் பிடித்தேன். "பாரு மக்கா, நல்லாப் பாரு." படத்தில் சகாயத்தின் முகம் பெரிதாகத் தெரிந்தது. மூலையில் சின்னதாக என்னவோ அசைந்தது. அழகுக்கு வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு முந்திரிக்கொத்தையும் கடித்துக்கொண்டேன்.

சகாயத்தின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"ஏட்டி, அவன் என்னமோ சொல்லுதான். சத்தமே இல்லியே" என்று வீட்டுக்காரர் காதருகே முணுமுணுத்தார்.

"ஒமக்குக் காது மந்தம். சும்மா இரும்."

அத்தனை பேர் முன்னால் எனக்கும் கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? சகாயம் தலையை ஆட்டினான். கையை ஆட்டினான். பிறகு விரலால் வட்டம் வட்டமாகப் போட்டான். எனக்கு மனசு பூரித்துப் போயிற்று.

"மோதிரத்துக்கு அவசரப்படுதான்!" என்று அறைக்கு அறிவித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஷைனி மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மாப்பிள்ளைக்குச் சம்மதந்தானா?" என்று தகப்பனார் கேட்டார்.

போனைப் பார்த்தேன். சகாயம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சந்தோஷம் தாங்காமல் என்று நினைத்தேன்.

"பூரண சம்மதம்" என்றேன்.

எங்கள் ஆட்களில் சம்மதம் சொன்னதும் ஒரு செபம் சொல்லி வாக்கை முடிப்பார்கள். செபம் சொன்ன வாக்கை அதன் பிறகு மாற்றினால், கோயில் நடையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. தகப்பனார் எழுந்தார், நாங்களும் எழுந்தோம். பரலோக மந்திரம் சொல்லி முடித்ததும் எல்லாரும் சிலுவை போட்டோம். நானும் போட்டேன். கையில் போன் இருப்பது கைக்குத் தெரியுமா? நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் போனும் கூடவே போயிற்று. போகிற போக்கில் என் பெருவிரல் விலாப் பொத்தானின் மேல்பக்கத்தில் நன்றாக ஊன்றிக்கொண்டது.

"ஆமென்" என்று அறை அடங்கிய நொடியில் சகாயத்தின் குரல் கூரை ஓட்டை எகிற வைத்தது.

"எம்மா! பொண்ணு எங்க? முதல்ல இருந்து ஒங்க மூக்குதான் தெரியுது! நான் சம்மதம் சொல்லல்ல! போனத் திருப்புங்கம்மா!"

பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டதும் தெளிவாக விழுந்தது: "லே சகாயம், முந்திரிக்கொத்து தின்ன அம்மைக்கு எத்தன பல்லு இருக்குன்னு எங்களுக்கே தெரிஞ்சுட்டு."

தகப்பனாரின் முகம் சுருங்கியது. "எங்க பிள்ளய வச்சு வெளையாடுதியளா? செபம் சொல்லியாச்சே!" என்றார். வீட்டுக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போனைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன்.

ஷைனிதான் முன்னால் வந்தாள். "மாமி, இங்க தாங்க" என்று போனை வாங்கினாள். எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். அதைத் தகப்பனார் கையில் கொடுத்துவிட்டு, எதிரே போய் நிமிர்ந்து நின்றாள்.

"இப்போ தெரியுதா? மாமி சொன்ன சம்மதம் மாமியோடது. அது எனக்கு வேண்டாம். ஒங்களுக்குப் பிடிக்கல்லன்னா இப்பவே, எங்க அப்பா காதுல விழுற மாதிரி சொல்லுங்க. எனக்கு வருத்தமில்ல."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தைக்காரி, "எம்மாடி!" என்று வாயில் கைவைத்தாள். போனில் சத்தமே இல்லை. மறுபடியும் நான் எதையாவது அமுக்கிவிட்டேனோ என்று என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் சகாயம் மெதுவாகச் சொன்னான்: "எனக்குப் பிடிச்சிருக்கு. ஒங்களுக்கும் பிடிச்சிருந்தா ஒரு உதவி. போன அம்மை கைல திருப்பிக் குடுத்துராதீங்க."

ஷைனி அப்போதுதான் சிரித்தாள். அதைப் பார்த்துவிட்டுத் தகப்பனார் உட்கார்ந்தார். தகப்பனார் உட்கார்ந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஓர் அச்சப்பத்தை எடுத்தார்.

அடுத்த லீவில் கல்யாணம். இப்போது ஷைனி எங்கள் வீட்டு மருமகள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். மூக்கு என்று வருகிற இடத்தில் எல்லாம் எழுதாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் போன் வந்தால் யாரும் ஹலோ சொல்வதில்லை, "மூக்கு தெரியுதா?" என்றுதான் தொடங்குவார்கள். ஒருவர் வாய் திறக்கும் முன்னே இன்னொருவர் பதில் சொல்லிவிட்டால், ரீத்தாவின் பிள்ளைகள்கூட விரலால் வட்டம் போட்டு, "பூரண சம்மதம்!" என்று கத்துகிறார்கள்.

கத்தட்டும். நான் சம்மதம் என்றேன், அவனும் கடைசியில் சம்மதம் என்றான். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? அந்தப் போன்தான் கொஞ்சம் பிந்திவிட்டது.