கள்ளியைக் கொஞ்சுகிறவர்

நாய் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மீன் வளர்ப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் கள்ளியைக் கொஞ்சுகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறதே, அதைக் கிட்டத்தில் பார்த்ததுண்டா? கண்டுபிடிப்பது எளிது. ஆள்காட்டி விரல் நகத்தில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். தொட்டியில் ஈரம் இருக்கிறதா என்று குத்திப் பார்த்த மண்.

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். "இதுக்கு ஒரு வேலையும் செய்ய வேண்டாம்" என்று சொல்லித்தான் கள்ளிகளை வாங்கி வந்தார். அன்று முதல் அவருக்கு வேறு வேலையே இல்லை. காலையில் எழுந்ததும் சன்னலோரம் போய், கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியால் முள் முள்ளாகப் பரிசோதித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டி, "நல்லா தூங்கினியாடா?" என்று விசாரித்து, குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டே "குறும்புக்காரப் பய" என்று சிரித்து, அதற்குப் பிறகுதான் மனைவி பக்கம் திரும்புவார். அவளை விசாரிக்க மாட்டார். காப்பி கேட்பார்.

வீட்டுக்கு வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டால் தொலைந்தார்கள். "தண்ணியா? கள்ளிக்குத் தண்ணிதான் எமன், தெரியுமா?" என்று பிரசங்கம் ஆரம்பித்துவிடும். வந்தவர் தாகத்தோடு வீடு திரும்புவார்.

இப்படி இருக்கையில், எலுமிச்சை அளவுள்ள ஒரு குண்டுக் கள்ளியில் மொட்டு வைத்தது. உடனே மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டார். அந்த மைத்துனர் மொட்டை மாடி நிறைய ரோஜா வளர்ப்பவர்.

"மாப்பிள்ளை, அது மொட்டா, கொப்புளமா? நல்லா பாத்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. வீட்டுல பூ காட்டறேன்."

"காட்டலேன்னா?"

"அத்தனை தொட்டியையும் தூக்கிட்டுப் போய் ரோஜா வைங்க."

வாயை விட்டாயிற்று. இனித் தூக்கம் வருமா? காலையில் சமையலறைச் சன்னல், மதியம் படுக்கையறை, மாலையில் குளியலறை என்று வெயில் போன இடமெல்லாம் தொட்டியோடு அவரும் போனார். மொட்டுக்குக் காற்று ஆகாது என்று மின்விசிறியை நிறுத்தினார். வீடே வியர்த்தது.

"என்னங்க, ஒரே இடத்துல வைங்களேன். எனக்கே தலை சுத்துது."

"வெயில் நகருதே, நான் என்ன பண்ண?"

அலைக்கழித்தால் மொட்டு உதிரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான். ஆனால் அது ஊருக்கான விதி.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் சாக்குப் பையோடு வந்தார். அவர் உட்காரும் பக்கம் மொட்டின் முகம் தெரியட்டுமே என்று நம்மவர் தொட்டியைக் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றினார். மொட்டு பொட்டென்று தரையில் விழுந்தது.

மைத்துனர் பையின் வாயை விரித்தார். நம்மவர் முதல் தொட்டியைத் தூக்கினார்.

"அண்ணா, இங்க வாயேன்" என்றாள் மனைவி.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்னச் சன்னல். "இது தேறாத கேஸ்" என்று அவர் எப்போதோ கழித்துக் கட்டிய கள்ளியை அவள் அங்கே வைத்துவிட்டு மறந்தே போயிருந்தாள். அதன் தலையில், அதைவிடப் பெரிதாக, ரோஜா நிறத்தில் ஒரு பூ.

"வீட்டுல பூ காட்டறேன்னுதானே சொன்னார்?" என்றாள் அவள்.

மைத்துனர் பையை மடித்தார். நம்மவருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்தது.

"பாத்தீங்களா? இதை மட்டும் கண்டுக்காமலே வளர்த்தேன். அது ஒரு தனி முறை." சொல்லிக்கொண்டே அந்தத் தொட்டியை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டினார்.

பட்டென்று ஓர் அடி விழுந்தது. "கையை எடுங்க" என்றாள் மனைவி.

நீங்களும் சிரித்தது போதும். இந்தப் பக்கத்தைப் புரட்டிய விரலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டுங்கள். நகத்தில் என்ன அது?