சுபாஷினியின் முதல் தெரிவு

பல்கலைக்கழக விண்ணப்பம் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். காலை பத்தாகியும் சுபாஷினியின் முதல் தெரிவுக் கட்டம் காலியாகவே கிடந்தது.

மலேசியாவின் லூனாஸில் கார்த்திகேசு வீட்டில் ஒரு வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான், அதுவும் சண்டையாக. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அப்பாவுக்கு மகள் உணவுத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும். மகளுக்குப் பொது அறிவியல். வேதியியலும் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும், இப்போதே ஒன்றைக் கைகழுவ அவளுக்கு மனமில்லை.

"எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சம் படிச்சா எவன் வேலை குடுப்பான் லா?"

"ஒன்னையே படிச்சு, அது பிடிக்காமப் போயிட்டா என்னாப்பா செய்றது?"

விவரம் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றாள் அம்மா சண்முகவள்ளி. அப்பா பக்கம், பக்கத்து ஊரான கூலிமில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட தம்பி புவனேஸ்வரன். மகள் பக்கம், அவளுக்குப் பள்ளியில் பாடம் எடுத்த நளினி டீச்சர். வடை, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் சகிதம் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். இருவரும் நல்ல மனிதர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. முடிவில் டீச்சர் உணவுத் தொழில்நுட்பமே சரி என்றார். புவனேஸ்வரன் பொது அறிவியல்தான் என்று அடித்துச் சொன்னான். கட்சி மாறிய இருவரும் வாசலில் நின்று மறுபடி தொடங்கினார்கள். சண்முகவள்ளிக்கு இன்னொரு முறை தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டியதாயிற்று.

இனி மனிதர்களை நம்பிப் பயனில்லை, கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றாள் அவள். சிவப்புப் பூ வந்தால் உணவுத் தொழில்நுட்பம், வெள்ளை வந்தால் பொது அறிவியல். எது வந்தாலும் அதற்குமேல் ஒரு பேச்சு இருக்கக் கூடாது. அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையாட்டினார்கள்.

மூன்று மணிக்குக் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி நடராஜா பூ எடுக்க உள்ளே போனார். கார்த்திகேசு கற்பூரம் வாங்கப் போய் வந்தார். சுபாஷினி கால் கழுவப் போய் வந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பொட்டலங்கள் அம்மன் காலடிக்கு வந்தன. பூசாரியின் சின்ன மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

சுபாஷினி அதைப் பிரித்தாள். உள்ளே ஒரு செவ்வரளி, பக்கத்திலேயே ஒரு மல்லிகை. கார்த்திகேசு அவசரமாக மற்றதையும் பிரித்தார். அதிலும் அப்படியே.

"என்னா சாமி இது, ரெண்டையும் ஒன்னா கட்டி வச்சிருக்கீங்க?"

பூசாரி தலையைச் சொறிந்தார்.

"நான் என்னாண்ணே செய்றது? மக ஆசப்பட்டதே வரட்டும், ரெண்டுலயும் வெள்ளையே வைங்கன்னு நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்க. நீங்க அந்தாண்ட போனதும் மக வந்து, அப்பா ஆசப்பட்டதே வரட்டும், ரெண்டுலயும் செவப்பே வைங்கன்னுச்சு."